இல்லாத அங்கத்தின் வேதனை

வெட்டி நீக்கப்பட்ட கையிலும் காலிலும் எரிச்சலும் குத்தலும் இருப்பதாக நோயாளி சொல்லும் விசித்திரத்தைப் போல, வைத்திய சாஸ்திரத்தை நெடுங்காலம் திகைக்க வைத்தது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் நால்வரிடம் ரண வைத்தியராக இருந்த ஆம்ப்ருவாஸ் பாரே, அங்கச்சேதத்தின்போது இரத்தக் குழாய்களை நூலால் கட்டும் முறையைப் பரப்பியவர். பல்சக்கரமும் வில்லும் பூட்டிய இரும்புக் கைகளுக்கு வடிவம் வகுத்தவர். இழந்த காலிலேயே வலிக்கிறதென்று போர்வீரர் முறையிட்டதைப் பிதற்றலென்று தள்ளாமல் எழுதி வைத்தவரும் அவரே.

ஆயினும் அந்த முறையீடு பெருந்திரளாக எழுந்தது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில்தான். மென்மையான ஈயக்குண்டு எலும்பைச் சிதைத்ததால், உயிரைக் காக்க உறுப்பை அறுப்பதையன்றி வைத்தியருக்கு வேறு மார்க்கம் அரிதாயிற்று. போரின் தொடக்கத்திலேயே காலை இழந்த ஜேம்ஸ் ஹாங்கர் என்னும் இளைஞர், பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கித் தமக்கொரு கால் செய்துகொண்டு, பிற்பாடு அதையே பெருந்தொழிலாக வளர்த்தார். நடப்பதற்கு மரக்கால் கிடைத்தது, வலிக்கோ மருந்தில்லை.

பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில் நரம்புக் காயம் பட்ட வீரர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல், அவர்கள் வாய்ச்சொல்லையே பிரமாணமாகக் கொண்டு பொறுமையுடன் குறித்துவந்தார். அவ்வளவும் அறிந்தவர், 1866-இல் அதை முதன்முதலில் வெளிப்படுத்தியது, கைகால் நான்கையும் இழந்த ஒருவன் தன் வரலாற்றைச் சொல்வதாக அமைந்த, ஆசிரியர் பெயரில்லாத ஒரு கதையாக! 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் அதைப் படித்த பொதுமக்கள் உண்மையென்றே நம்பி, அந்தக் கற்பனை மனிதனுக்கு நிதி திரட்டினார்கள். சக வைத்தியரைக் காட்டிலும் சாமானியர் அந்த வேதனையை எளிதில் நம்பினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம் பெயரிட்டு மிட்செல் இதைப் பற்றி எழுதியது 1871-இல்.

பின்வந்தோர் எஞ்சிய பாகத்தை மீண்டும் அறுத்தும் நரம்பைத் துண்டித்தும் பார்த்தனர். வலி பெரும்பாலும் திரும்பி வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று கலிபோர்னியா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை எடுத்தார். இறுகி மூடிய இல்லாத கையைத் திறக்குமாறு மூளை இடும் கட்டளைக்கு மறுமொழி வராமையே வேதனையைப் பெருக்குகிறதென்று கருதிய அவர், நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றும்படி கண்ணாடியை நிறுத்தி, இரு கைகளையும் ஒருசேர விரிக்கச் சொன்னார். சிலருக்கு அக்கணமே பிடி தளர்ந்தது. எல்லாருக்கும் அது பலிக்கவில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் வைத்தியர்களான டாட் குய்கெனும் கிரிகரி டுமானியனும், அறுபட்ட நரம்பின் நுனியை வேறொரு தசையில் இணைத்து, அத்தசையின் துடிப்பால் இயந்திரக் கையை இயக்கும் வழி கண்டனர். கையை இயக்குவதற்கென்று செய்த அந்தச் சிகிச்சை பலருக்கு வலியையும் தணித்தது; ஆகவே, இயந்திரக் கையை நாடாதவர்க்கும் வலி தீரும்பொருட்டே அது இப்போது செய்யப்படுகிறது.