சலமாங்காவின் பழைய விரிவுரைக்கூடம்

ஸ்பெயின் நாட்டுச் சலமாங்கா நகருக்குச் செல்வோர், பல்கலைக்கழக முகப்பின் நுண்சிற்பங்களிடையே மண்டையோட்டின்மீது அமர்ந்த தவளையைத் தேடிக் களிப்பர். தேடட்டும், ஆயினும், உள்ளே காணத்தக்கது வேறொன்று உண்டு. கரடுமுரடான மரக்கட்டைகளே இருக்கைகளாக அமைந்த பழைய விரிவுரைக்கூடம் அது. லூயிஸ் தெ லெயோன் என்னும் அகுஸ்தீன் சபைத் துறவியின் பெயரைத் தாங்கியது.

1218இல் மன்னர் ஒன்பதாம் அல்போன்சோ நிறுவிய இக்கல்விநிலையத்தில் இலத்தீனே கோலோச்சியது. இங்கே பயின்று இங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய நெப்ரிகா, மக்கள் பேசிய காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் வகுத்தார். அந்நூல் 1492இல் இந்நகரிலேயே அச்சேறியது.

80 ஆண்டுகள் கழிந்தன. விவிலியத்தின் உன்னதப்பாட்டை அதே மொழியில் பெயர்த்ததும், இலத்தீன் பெயர்ப்பினும் எபிரேய மூலத்தை உயர்வாகக் கொண்டதும் லூயிஸ்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். இலத்தீன் அறியாத கன்னித்துறவி ஒருவருக்காகச் செய்த மொழிபெயர்ப்பு அது! சமய விசாரணை மன்றம் 1572இல் அவரைச் சிறைப்படுத்தியது. வல்லதோலித் நகரச் சிறையிலிருந்து 1576 இறுதியில்தான் மீண்டார். திரும்பி வந்து, இடையே ஒருநாள் மட்டும் கழிந்ததுபோல் பாடத்தைத் தொடர்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. சான்றில்லை, நகரத்தார்க்கு அதை விட மனமும் இல்லை.

இன்று அவருடைய வெண்கலச் சிலை அம்முகப்பை நோக்கி நிற்கிறது. அந்த மொழிபெயர்ப்போ, 1591இல் அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பின், 1798இல்தான் அச்சுக் கண்டது.