பிசி சூட் என்று ஒன்று இருந்தது

  

போன மாதம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது ஒரு சிடி கிடைத்தது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் '6300 பேக்கப், 2010' என்று என் மகனின் கையெழுத்து. என் பேத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாட்டி?" என்றாள். வகுப்பறையை விட்டு வந்து பல வருடம் ஆனாலும், பிள்ளைகள் கேள்வி கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கைபேசி வந்த புதிதில் எண்கள் எல்லாம் சிம் அட்டையில்தான் இருந்தன. ஒரு சிம்மில் பெரும்பாலும் 250 பெயர்கள் வரைதான் கொள்ளும். ஒரு பெயருக்கு ஒரு எண். பெயரும் சுருக்கமாக இருக்க வேண்டும். கைபேசி தொலைந்தால் சொந்தபந்தமே தொலைந்த மாதிரி. அதனால் நாங்கள் டைரியிலும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வோம்.

2000-க்குப் பிறகு கைபேசிக்குள்ளேயே நினைவகம் பெருகியது. ஒரே பெயரில் வீட்டு எண், பள்ளிக்கூட எண், பிறந்தநாள். கூடவே படம், பாட்டு, குறுஞ்செய்தி. இவ்வளவையும் டைரியில் எழுத முடியுமா? அதற்காகக் கைபேசி நிறுவனங்கள் கணினியில் போட்டுக்கொள்ளும் மென்பொருளைத் தந்தன. சோனி எரிக்சனுக்குத் தனி, பின்னாளில் சாம்சங்குக்குக் கீஸ். நம் ஊரில் பலருக்கும் தெரிந்தது நோக்கியா பிசி சூட்.

கைபேசியைக் கணினியோடு சேர்க்க மூன்று வழிகள். முதலாவது அகச்சிவப்புக் கதிர். கைபேசியின் கண்ணையும் கணினியின் கண்ணையும் நேருக்கு நேர் வைக்க வேண்டும், இடையில் கை மறைத்தால் இணைப்பு அறுந்துவிடும். இரண்டாவது டேட்டா கேபிள். மூன்றாவது புளூடூத். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். சேர்ந்துவிட்டால் தொடர்புகளைத் திருத்தலாம், செய்திகளைப் படிக்கலாம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் பேக்கப் எடுக்கலாம். கைபேசியை மோடமாக்கி, கணினியில் இணையம் பார்த்த வீடுகளும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குக் கோப்பு வைத்தால், ஒருவரின் எண்களை மற்றவர் கைபேசி எப்படிப் படிக்கும்? 1990-களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து 'விகார்டு' என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தன. ஒரு ஆளின் பெயரும் எண்ணும் முகவரியும் எந்த வரிசையில், எந்த அடையாளத்தோடு எழுதப்பட வேண்டும் என்பதே அது. நாம் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் கட்டம் போட்டு எழுதுவோமே, அதைப் போல. ஆனால் மொத்தப் பேக்கப் கோப்பு மட்டும் அவரவர் சொந்த வடிவத்திலேயே இருந்தது. நோக்கியாவுக்கு அது 'என்.பி.யு'. அதைத் திரும்ப ஏற்ற அந்த மென்பொருளும் வேண்டும், கைபேசியும் வேண்டும்.

இனி என் கதை. 2007-இல் மகன் எனக்கு நோக்கியா 6300 வாங்கித் தந்தான். வீட்டுக்காரரிடம் இருந்தது 1100, டார்ச் லைட் வைத்தது. அதைக் கணினியில் சேர்க்க வழி கிடையாது. 2010-இல் என் கைபேசியை மாற்றும்போது மகன் பிசி சூட்டைத் திறந்தான். எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்று திரையில் கட்டங்கள் வந்தன. "அம்மா, மெசேஜும் வேணுமா?" என்றான். "இருந்துட்டுப் போகட்டும்டா, சோறா கேக்குது?" என்றேன். டிக் அடித்தான்.

2012-இல் அவர் போய்விட்டார்.

சிடியைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. ஆனால் 6300 எப்போதோ செத்துவிட்டது. 2014-இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலே மைக்ரோசாஃப்டிடம் போனது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். சிடி டிரைவைக் கையோடு எடுத்து வந்தான். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் என்.பி.யு எக்ஸ்ப்ளோரர் என்ற சிறு மென்பொருளை இறக்கினான். கோப்பு திறந்தது.

முதலில் தொடர்புகள். பட்டியலில் முதலில் வர வேண்டும் என்று பெயருக்கு முன் இரண்டு 'ஏ' போடுவோமே, அப்படி அவர் பெயர் முதலில் நின்றது. அப்புறம் செய்திகள். தமிழில் அடித்தால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கில எழுத்தில் 160. அதனால் அவர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். "பஸ் கிடைத்துவிட்டது." "மாத்திரை போட்டாயா?" "ரேஷனில் சர்க்கரை இல்லை." "மழை, குடை எடுத்துப் போ." மொத்தம் 38. காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. நான் அவருக்கு அனுப்பியவை அந்த 1100-ஓடு போயின. அவர் எனக்கு அனுப்பியவை மட்டும் பிழைத்தன. ஒரு டிக் அடித்ததால்.

இன்று கேபிள் வேண்டாம், சிடி வேண்டாம். எல்லாம் தானாகவே கிளவுடுக்குப் போகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று நம் பொருள் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது. இன்று அது எந்தக் கணக்கில், எந்தக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடுவேனா? இந்த ஞாயிற்றுக்கிழமை தொடர்புகளை விகார்டு கோப்பாக ஏற்றுமதி செய்து ஒரு பென் டிரைவில் வையுங்கள். வேண்டியவர்களின் செய்திகளுக்கும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். 'சோறா கேக்குது?' இருந்துவிட்டுப் போகட்டும்.