பல்லாவரத்துக் கல்லுக்குப் பேர் வைத்த கதை

புகையும் எரிமலையைப் பார்க்க நம் நாட்டில் ஒரே இடம், அந்தமான் பக்கத்துப் பாரன் தீவு. பூமியின் அடிவயிற்றில் வெந்த கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரத்திலோ திரிசூலத்திலோ இறங்கினால் போதும். அங்கே குன்றுகளே அந்தக் கல்தான்.

நாம் அதைக் கருங்கல் என்போம். உடைத்துவிட்டால் ஜல்லி, கட்டுமானக்காரர்களுக்கு ‘புளூ மெட்டல்’. புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள், எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். குவார்ட்ஸ் மணிகளில் லேசான நீலம் ஓடும்.

படித்தவர்கள் இதற்கு வைத்த பேர் சார்னோக்கைட். சென்னைக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பேர் எப்படி வந்தது? ஜோப் சார்னாக், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள அதிகாரி. 1690-ல், பின்னாளில் கல்கத்தாவாக வளர்ந்த சுதாநுதியில் கடைவிரித்தவர். அதற்கு முந்தைய வருஷம் சென்னையில்தான் இருந்தார். அவருடைய மகள்கள் மூவருக்கு ஞானஸ்நானம் நடந்தது கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில். அவர் இறந்ததும் கல்லறைக்கு மேல் பதிக்க நம் பக்கத்துக் கல்லையே கொண்டுபோனார்கள். கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இன்றும் அது கிடக்கிறது.

இருநூறு வருஷம் அதை எல்லாரும் கல்லறையாகத்தான் பார்த்தார்கள். புவியியல் ஆய்வுத் துறையிலிருந்த தாமஸ் ஹாலண்ட் கல்லாகப் பார்த்தார். 1893-ல் அந்தக் கல்லறைக் கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, அந்த மனிதர் பேரையே கல்லுக்கும் சூட்டிவிட்டார். கல்கத்தாவை நிறுவியவர் என்ற மரியாதை வேறு. அந்தப் பட்டம் செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றமே 2003-ல் சொல்லிவிட்டது. கல்லின் பேர் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. அண்டார்டிகாவில் கிடைத்தாலும் சார்னோக்கைட்தான். எனக்கென்னவோ பல்லாவரைட் என்றிருந்தால் காதுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

உருகிய பாறைக் குழம்பு உறைந்து வந்தது என்றார் ஹாலண்ட். பிறகு வந்தவர்களோ, இருந்த பாறையே 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், ஈரம் வற்றி உருமாறியது என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. வயது சுமார் 250 கோடி ஆண்டு.

பரங்கிமலையில் இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மாதா கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் இந்தக் கல்லின் மேல்தான் ஏறுகிறார்கள். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இப்போது தர்காவாக இருக்கிறது. திரிசூலத்தில் வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. எடுத்த கல்லில் எவ்வளவு நம் வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறதோ!