ஈறில் ரத்தம் வருதா? சுகர் இருப்பவர்கள் ஏன் அலட்சியமாக இருக்கக் கூடாது?

பல் துலக்கும்போது துப்பும் நுரையில் லேசாக ரத்தம் வரும். 'அழுத்தித் தேய்ச்சிட்டேன் போல' என்று பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை ஈறை எப்படிக் கெடுக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வேகம் குறையும். புண் ஆறவும் தாமதமாகும். ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகி, கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ, 1993-லேயே இதை சர்க்கரை நோயின் 6-வது பாதிப்பு என்று குறிப்பிட்டார்.

ஈறு நோய் சர்க்கரையை ஏற்றுமா?

ஏற்றும். ஈறு அழற்சியில் உருவாகும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. மாத்திரை, சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தும் சுகர் குறையவில்லையா? வாயையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுத்தம் செய்தால், அடுத்த 3, 4 மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

'கிளீன் பண்ணினா பல் ஆடிடும்' என்பது உண்மையா?

இல்லை. பல் ஆடுவதற்குக் காரணம் எலும்புத் தேய்மானம். அதுவரை காரை அதை மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ரத்தக் கசிவு, வீக்கம், வாய் துர்நாற்றம், பல் ஆட்டம் இதில் எது இருந்தாலும் போகலாம். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றிவிடும். போகும்போது சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.