உலர்காய்கறியும் ஒரு கிண்ணச் சூப்பும்

கோழிச் சாற்றில் மீயும் காய்கறியும் கலந்து ஆக்கும் சூப், இந்நாட்டில் எல்லா இனத்தார் இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்ட உணவு. பச்சைக் காய்கறிக்குப் பதிலாக உலர்த்திய காய்கறியை இட்டு இதனை ஆக்கும் வழக்கமும் உண்டு. முள்ளங்கிச் செந்நிறத் துண்டுகளாய்க் கேரட், தாள்போல் சுருங்கிய முட்டைக்கோசு, சிறு கற்களைப் போன்ற பட்டாணி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஆகியவை ஒரு சிறு பொட்டலத்தில் அடங்கிவிடும். சூடான நீரில் இட்டால் அரை மணி நேரத்தில் உப்பி, நிறமும் பெற்று எழும். விடுதியில் தங்கிப் பயிலும் மாணவருக்கும், வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய்மார்க்கும் இது பெரும் உதவி. ஆயினும் இப்பொட்டலம் அடுக்களையில் பிறந்ததன்று. கப்பல்களிலும் பாசறைகளிலும் மாண்ட ஆயிரக்கணக்கான மனிதரின் கதை இதனுள் மடிந்து கிடக்கின்றது.

காயைக் காயவைத்துக் காக்கும் கலை மிகத் தொன்மையானது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் உருளைக்கிழங்கை இரவின் கடுங்குளிரில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி 'சூனோ' என்னும் உணவுப் பொருளை ஆக்கினர். தமிழர் இல்லங்களில் வற்றலும் வடகமும் இல்லாத கோடையே இல்லை. இதன் அடிப்படை எளிது. கேரட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 88 பங்கு நீர். முட்டைக்கோசில் அதனினும் மிகுதி. அந்நீரை அகற்றிவிட்டால் ஒரு கிலோ கேரட் ஏறக்குறைய 120 கிராமாகச் சுருங்கும். நீரின்றி நுண்ணுயிர்கள் பெருக இயலாமையால் பொருள் கெடுவதில்லை. எடை குறைவு, இடம் குறைவு, கெடாத் தன்மை ஆகிய மூன்றுமே படைத்தலைவர்களின் கண்ணை ஈர்த்தவை.

நெடுங்காலம் கடலில் செல்வோரையும் முற்றுகையில் அகப்பட்டோரையும் 'ஸ்கர்வி' என்னும் நோய் வாட்டியது. ஈறு வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், பழைய புண்கள் மீண்டும் திறக்கும், இறுதியில் உயிர் போகும். பச்சைக் காய்கனி உண்டோர் தப்பினர் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. அவ்வாறாயின் காய்ந்த கீரையும் உதவும் அன்றோ என்று எண்ணியதில் வியப்பில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹங்கேரியில் இருந்த ஆஸ்திரியப் படையில் இந்நோய் பரவியபோது, கிராமர் என்னும் படை மருத்துவர் வியன்னா மருத்துவர்களிடம் உதவி வேண்டினார். அவர்கள் உலர்ந்த மூலிகைகளை அனுப்பிவைத்தனர். ஒரு பயனும் விளையவில்லை.

1747ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் செய்த சோதனையை அறிவியல் ஆசிரியர்கள் அறிவர். நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1753இல் அவர் நூல் வெளிவந்தது; கடற்படை முழுமைக்கும் எலுமிச்சைச் சாறு வழங்க ஆணை பிறந்ததோ 1795இல்! இடையில் 42 ஆண்டுகள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கப்பலில் எடுத்துச் செல்ல வாய்ப்பாகச் சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைக்கும் முறையை லிண்டே பரிந்துரைத்தார். சுண்டியபோது நோய் தீர்க்கும் ஆற்றலும் சுண்டிப்போயிற்று.

இன்றைய உலர்காய்கறிப் பொட்டலத்தின் நேர் மூதாதையைப் பாரிசில் காண்கிறோம். எத்தியேன் மாசோன் என்னும் தோட்டக்கலைஞர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், காய்கறிகளை வெப்பக் காற்றில் உலர்த்தி, நீரழுத்த எந்திரத்தால் இறுக்கிக் கட்டிகளாக்கும் முறையைக் கண்டார். ஷொல்லே நிறுவனம் அவற்றைப் பேரளவில் செய்து விற்றது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் படைகளுக்கு இக்கட்டிகள் அனுப்பப்பட்டன. அப்போரின் முதற் குளிர்காலத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் ஸ்கர்வியால் நலிந்தனர். அவர்களுக்கென அனுப்பிய எலுமிச்சைச் சாறு 1854 டிசம்பரில் பலக்லாவா துறைமுகத்தை அடைந்தும், 1855 பிப்ரவரி வரை வழங்கப்படாமலே கிடந்தது. மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்க, ஆணை வரவில்லை என்று நோயாளி காத்துக் கிடந்தான். நம் வரலாற்றுப் பாடநூல்களில் அப்போரின் தளபதிகளுக்குத் தரும் இடத்தில் ஒரு பத்தியையேனும் அந்தச் சாற்றுப் பெட்டிகளுக்குத் தரலாம் என்பது என் கருத்து.

1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் வீரர்க்கு உலர்காய்கறிக் கட்டிகள் வழங்கப்பட்டன. ஆங்கிலத்தில் 'உலர்த்திய' என்னும் சொல்லும் 'தீட்டுப்படுத்திய' என்னும் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. அவ்வொலி ஒப்புமையைக் கொண்டு வீரர்கள் அவற்றைத் 'தீட்டுப்பட்ட காய்கறி' என்று எள்ளி நகையாடினர். வைக்கோற் கட்டு என்றும் கூறினர். நெடுநேரம் வேகவைக்க வேண்டிய கட்டியைப் போர்க்களத்து அவசரத்தில் யார் வேகவைப்பார்?

காரணம் விளங்க 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. 1907இல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் ஆகிய இருவரும் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமே கொடுத்து அவற்றிடம் ஸ்கர்வியை உண்டாக்கிக் காட்டினர். பச்சைக் காய்கறி நோயைத் தடுத்தது. உலர்ந்தபோது அவ்வாற்றல் பெரிதும் அழிந்தது. முதல் உலகப் போரின்போது லண்டன் லிஸ்டர் கழகத்தில் ஹாரியட் சிக் அம்மையாரும் அவர்தம் துணைவியரும் இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தனர்.

இவ்விடத்தில் இந்திய வீரரின் துயரம் ஒன்றும் வந்து சேர்கிறது. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, இன்றைய ஈராக்கில் உள்ள கூட் நகரில் துருக்கியப் படையால் முற்றுகையிடப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படை பட்டினியில் வாடியது. வெள்ளை மாவு உண்ட பிரிட்டிஷ் வீரரைத் தயமின் குறைவால் வரும் பெரிபெரி பற்றியது. தவிடு நீங்காத ஆட்டா உண்ட இந்திய வீரர் அதனின்று தப்பினர். ஆனால், குதிரை இறைச்சியை நெடுநாள் மறுத்தமையால் ஸ்கர்வியில் வீழ்ந்தனர். உலர்ந்த பருப்பு அவர்களுக்கு உதவவில்லை. அதே பருப்பை முழுதாக நீரில் ஊறவைத்து முளைகட்டியிருந்தால் உதவியிருக்கும் என்பது லிஸ்டர் கழகத்தார் கண்ட உண்மை. உயிருள்ள விதை முளைக்கும்போது தானே அச்சத்தை ஆக்கிக்கொள்ளும். அறுத்துக் காயவைத்த கேரட் துண்டுக்கு அந்தப் பேறு இல்லை. எத்தனை நாழிகை ஊறினாலும் நீர் திரும்புமே அன்றி, போன சத்துத் திரும்பாது. சென்ட்-கியோர்கி என்னும் ஹங்கேரிய அறிஞர் 1928இல் பிரித்தெடுத்த பொருளே அது என 1932இல் உறுதியாயிற்று. 'சி' உயிர்ச்சத்து என இன்று நாம் கூறுவது அதனையே.

உலர்த்தும் முறையும் திருந்தியது. காயை அப்படியே உலர்த்தினால் அதனுள் உள்ள நொதிகள் தொடர்ந்து வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் சத்தையும் கெடுக்கும். உலர்த்துமுன் கொதிநீரிலோ ஆவியிலோ சிறிது நேரம் காட்டி எடுத்தால் நொதிகள் அடங்கிவிடும். முதல் உலகப் போரின் உலர்காய்கறி வைக்கோல் மணம் வீசியதற்கும், இரண்டாம் உலகப் போரில் அது ஓரளவு உண்ணத்தக்கதாய் அமைந்ததற்கும் இடையே இருந்த பெரும் வேறுபாடு இதுவே. நம் பாட்டிமார் கொத்தவரங்காயை உப்பிட்ட கொதிநீரில் அரைவேக்காடாக்கி வடித்த பின்னரே பாயில் பரப்புவர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சுண்டைக்காயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்து உலர்த்துவர். 'நொதி' என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, செயல் தெரிந்திருந்தது.

பாசறையிலிருந்து இப்பொருள் இல்லத்துக்கு வந்த வழியையும் சுருங்கக் காண்போம். சுவிட்சர்லாந்தில் பெண்கள் நாள் முழுதும் ஆலைகளில் உழைத்தமையால் தொழிலாளர் குடும்பங்கள் சத்தற்ற உணவுண்டு மெலிந்தன. மருத்துவரும் தொழிற்சாலை ஆய்வாளருமான ஃபிரிடோலின் ஷூலர், பருப்பு வகைகளால் மலிவான உணவு ஆக்கலாம் என வற்புறுத்தினார். மாவரைக்கும் ஆலை நடத்திய யூலியுஸ் மேகி அதனை மேற்கொண்டு, 1886இல் விரைவில் வேகும் சூப் தூள்களை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவர் பெயர்தான் நம் நாட்டில் மீயின் பெயராகவே ஆகிவிட்டது!

எனினும் உடனடி மீயைக் கண்டவர் மேகி அல்லர். ஜப்பானின் ஒசாகா அருகில் இக்கெடா என்னும் ஊரில், வீட்டின் பின்புறக் குடிலில் உழைத்த மொமொஃபுகு ஆண்டோ, வேகவைத்த மீயை எண்ணெயில் பொரித்தால் நீர் வெளியேறி, நுண்துளைகள் உண்டாகும் என்பதைக் கண்டார். கொதிநீர் அத்துளைகளில் புகுந்து மீயை மீண்டும் மென்மையாக்கும். 1958 ஆகஸ்டு 25ஆம் நாள் வெளிவந்த அந்த முதல் உடனடி மீயின் சுவை, கோழிச் சூப்பின் சுவையே. அதில் காய்கறி இல்லை. 1971இல் அவர் கிண்ண மீயை வெளியிட்டபோதுதான் உறையவைத்து உலர்த்திய இறாலும் முட்டையும் வெங்காயத்தாளும் உடன் வந்தன. ஆண்டிஸ் மலைவாசிகள் பனியிலும் வெயிலிலும் செய்ததற்கு இம்முறை தொலைவில் இல்லை. அதே 1970களின் தொடக்கத்தில் மலேசியக் கடைகளிலும் உடனடி மீ இடம்பெற்றது.

இச்சூப்பை வீட்டில் ஆக்குவது எளிது. நால்வர்க்கு அரைக் கிலோ கோழி எலும்பும் சதையும் போதும். இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டு ஒன்றரை லிட்டர் நீரில் சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். 40 கிராம் உலர்காய்கறியைத் தனியே வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரோடு சாற்றில் சேர்க்கலாம். அந்நீரைக் கொட்டிவிடுவோர் பலர். கரைந்த உப்புச் சத்துகளும் அதனோடு போய்விடும். பட்டாணி மென்மையாகும்வரை வேகட்டும். மீயைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து வடித்துப் போட்டால் சாறு மாவாகக் குழையாது. கேரட்டின் செந்நிறப் பொருள் உலர்ந்த பின்னும் பெருமளவு எஞ்சி நிற்பது. கோழியின் கொழுப்புச் சேர்ந்தால் உடல் அதனை நன்கு ஏற்கும். ஆகவே உலர்காய்கறி வீண் என்று எவரும் கொள்ளற்க. இழந்தது பெரிதும் ஒன்றே. அதனை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழியும் எலுமிச்சைச் சாறும், மேலே தூவும் பச்சைக் கொத்துமல்லியும் சிறிதேனும் ஈடுசெய்யும். கொதிக்கும்போது பிழிந்தால் லிண்ட் சுண்டவைத்த சாற்றின் கதையே மீளும்.

எல்லா எலுமிச்சையும் ஒன்றன்று என்பதையும் பிரிட்டிஷ் கடற்படை பட்டறிந்தது. மத்தியதரைக் கடற்பகுதி எலுமிச்சைக்குப் பதிலாக, 1860களுக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளின் சிறு பச்சைப் பழச்சாற்றை வாங்கியது. அதன் ஆற்றல் குறைவு. 1875இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட நேர்ஸ் குழுவினரை மீண்டும் ஸ்கர்வி தாக்கியது. தமிழில் இரு பழத்தையும் நாம் எலுமிச்சை என்றே கூறிவிடுகிறோம்.

நம் நாட்டு மீ கடைகளில், கிண்ணத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டிய லீமாவ் கஸ்தூரி ஒன்றை வைத்துத் தருவதுண்டு. மாணவர் பலர் அதனைப் பிழியாமலே தட்டில் ஒதுக்கிவிட்டு எழுந்து போகின்றனர்.