கடல் மட்டத்தைச் சுமந்து போகும் எஞ்சின்

டர்போ என்றதும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். அதன் வரலாறோ மூச்சுத் திணறலோடு பின்னிக் கிடக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும். மனுஷனுக்கு இரைப்பதுபோல எஞ்சினுக்கும் இரைக்கும். டீசலோ பெட்ரோலோ இருக்கும், எரிக்கக் காத்து இருக்காது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சக்தியிலேயே ஒரு பங்கைப் பிடுங்கிக் காற்றை உள்ளே திணிக்கும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற வழி வேறு: வீணாக வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே உள்ளே வரும் காற்றை அழுத்துவது.

இதற்கு அவசரத்தை உண்டாக்கியது போர். 1918இல் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோனார். உயரம் 14,000 அடிக்கு மேல். கீழே 350 குதிரைத்திறன் காட்டிய எஞ்சின், உச்சியில் 230க்கு இறங்கிற்று. டர்போவை மாட்டியதும் 356. மலையை வென்ற கதையாகவே இது சொல்லப்படுகிறது. என் வாசிப்பு வேறு. எஞ்சின் மலையைச் சந்திக்கவே இல்லை. தன் கடல் மட்டத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போயிற்று. போன இடத்துக் காற்றை அப்படியே ஏற்க மறுப்பது ஆக்கிரமிப்பின் இலக்கணமும் அல்லவா?

மலையின் பெயரைப் பாருங்கள். யூட் பழங்குடியினருக்கு அது 'தவா', சூரியன். 1806இல் ஏறப் பார்த்து முடியாமல் திரும்பிய ராணுவ அதிகாரி செபுலன் பைக்கின் பேர்தான் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டது.

1988இல் அதே மலைப் பாதையில் பெஜோ 405 டர்போ 16 ஏறியது. பாரிஸ்–டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் ஓடிய வகை வண்டி. அரி வாட்டனன் சுமார் 20 கிலோமீட்டரை 10 நிமிடம் 47 விநாடியில் கடந்தார்; முந்தைய சாதனையைவிட ஒரு விநாடிகூடக் குறைவில்லை, அதற்கும் கீழான வித்தியாசம். அந்த ஏற்றத்தைக் காட்டும் 'க்ளைம்ப் டான்ஸ்' படத்தில் ஓரிடம்: வெயில் கண்ணைக் குத்த, ஒரு கையால் முகத்தை மறைத்து மறு கையால் ஓட்டுகிறார். காற்றை ஏமாற்றிய வண்டிக்குள் 'தவா' நுழைந்துவிட்ட கணம் என்றே அதைப் பார்க்கிறேன். அன்று பெரும்பகுதி மண்ணாக இருந்த பாதையும் 2011க்குள் உச்சிவரை தார் ரோடாகிவிட்டது. முதலில் மலையின் காற்று, அப்புறம் அதன் மண்.

இமயக் கணவாயில் அரிசி மூட்டை ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் இதைச் சொன்னால், 'டர்போ இல்லாம எப்படி சார் ஏத்துறது?' என்பார். நியாயம்தான். அவருக்கு அது பிழைப்பு. கருவியை நிராகரிப்பது என் நோக்கமல்ல. மேலே போகிறவர் யார், எதற்குப் போகிறார் என்ற கேள்வியைக் குதிரைத்திறன் கணக்கு மறைத்துவிடக் கூடாது, அவ்வளவே.