ஐரோப்பிய அரச குடும்ப உறவுகளும் முடியாட்சிகளின் வீழ்ச்சியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனின் விக்டோரியா அரசி (1819–1901), டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் (1818–1906) ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஐரோப்பாவின் பல அரியணைகளில் அமர்ந்தனர். 1914 முடியும்போது பிரிட்டன், ஜெர்மனி, ரஷ்யா, ஸ்பெயின், நார்வே, கிரீஸ், ருமேனியா ஆகிய ஏழு நாடுகளில் விக்டோரியாவின் பேரனோ பேத்தியோ அரசராகவோ அரசியாகவோ இருந்தனர். இந்த உறவுப் பின்னலால் முதல் உலகப் போரைத் தடுக்க முடியவில்லை. ஆனால், இளவரசர்கள் வளர்ந்த விதம் சில பேரரசுகளின் முடிவில் ஆழமாகப் பதிந்தது.

முன்வரலாறு

திருமணத்தின் வழியே நாடு சேர்ப்பது ஐரோப்பிய அரச குலங்களின் பழைய வழக்கம். ஹாப்ஸ்பர்க் குலம் இதில் முதன்மை பெற்றது. சேர்த்த நிலம் குலத்தைவிட்டுப் போகாதிருக்க, நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்தனர். அக்குலத்தைச் சேர்ந்த ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் 1649இல் தன் தங்கை மகளையே மணந்தார். அவர்களுக்குப் பிறந்த இரண்டாம் சார்லஸ் வாழ்நாள் முழுவதும் நோயாளி. அவர் 1700இல் வாரிசின்றி இறந்ததும், அந்த அரியணைக்காக 1701 முதல் 1714 வரை ஐரோப்பா போரிட்டது.

ஆல்பர்ட்டின் திட்டம்

விக்டோரியா 1840இல் தன் தாய்மாமன் மகனான ஆல்பர்ட்டை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். அரச குடும்ப ஆலோசகரான ஸ்டாக்மரின் யோசனைப்படி, ஆல்பர்ட் பிள்ளைகளுக்குக் கடுமையான கல்வித் திட்டம் வகுத்தார். மூத்த மகள் விக்டோரியாவை 1858இல் பிரஷ்ய இளவரசர் பிரடெரிக்குக்கு மணமுடித்ததற்கு அரசியல் நோக்கமும் இருந்தது. நாடாளுமன்றத்தை மதிக்கும் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனி ஒன்றாகும், அது பிரிட்டனுக்கு நட்பு நாடாகும் என்று ஆல்பர்ட் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. தொண்டைப் புற்றுநோயோடு 1888இல் அரியணை ஏறிய பிரடெரிக் 99 நாட்களில் இறந்தார். ஆட்சி அவர் மகன் இரண்டாம் வில்ஹெல்முக்குப் போயிற்று.

வில்ஹெல்மின் வளர்ப்பு

வில்ஹெல்ம் 1859இல் கடினமான பிரசவத்தில் பிறந்தபோது நரம்பு பாதிக்கப்பட்டு, இடது கை வளர்ச்சி குன்றிப்போயிற்று. அதைச் சரிசெய்ய மின்சாரம் பாய்ச்சினார்கள். அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் கையை வைத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் ஹின்ஸ்பீட்டர், சிறுவன் கீழே விழுந்து அழுதாலும் மறுபடி மறுபடி குதிரையில் ஏற்றினார். குறைபாடுள்ள ஒரு குழந்தையைப் பேரரசனாக்கும் அவசரத்தில், அவனுடைய வலியைப் பெரியவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆங்கிலேய வழியில் தன்னை வளர்த்த தாயிடமிருந்து அவர் விலகி, பாட்டனாரின் ராணுவ உலகத்தையும் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கையும் நாடினார். 1890இல் அந்தப் பிஸ்மார்க்கையும் பதவியிலிருந்து இறக்கினார். பாட்டியின் நாட்டுக் கடற்படையை வியந்து வளர்ந்தவர், அதற்கு நிகரான படையைக் கட்ட 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்களுக்குத் துணைநின்றார். ஜெர்மனியின் போக்கு முழுவதையும் ஒரு கையின் ஊனத்தால் விளக்கிவிட முடியாது. எனினும், அந்நாட்டு அரசமைப்பு படையையும் வெளியுறவையும் பேரரசரிடம் விட்டிருந்ததால், அவருடைய மனப்போக்கு அரசின் போக்கிலும் வெளிப்பட்டது.

நிக்கோலஸின் வளர்ப்பு

ரஷ்யாவின் இரண்டாம் அலெக்சாண்டர், பண்ணை அடிமை முறையை ஒழித்த ஜார் மன்னர். 1881 மார்ச்சில் வெடிகுண்டால் சிதைந்த அவர் உயிர் பிரிவதை 12 வயதுப் பேரன் நிக்கோலஸ் நேரில் கண்டார். சீர்திருத்தம் செய்தவருக்கே இந்தக் கதி என்ற பாடத்தைத்தான் குடும்பம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. வரம்பற்ற முடியாட்சியே கடவுள் தந்த முறை என்று வாதிட்ட பொபெதனோஸ்ட்செவ் நிக்கோலஸுக்கு ஆசிரியரானார். 1894இல், தக்க ஆட்சிப் பயிற்சி இல்லாமலே 26 வயதில் நிக்கோலஸ் ஜார் ஆனார். உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகள் ஆட்சியில் பங்கு பெற விரும்புவது வீண் கனவு என்று அடுத்த ஆண்டே அறிவித்தார்.

அவர் மணந்த அலெக்சாண்ட்ரா, விக்டோரியாவின் பேத்தி. பாட்டியின் வழிவந்த இரத்தம் உறையாமை நோய், 1904இல் பிறந்த மகன் அலெக்சியைத் தாக்கியது. பிள்ளையைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில் தாய் ரஸ்புடின் என்ற சாமியாரைச் சரணடைந்தார். 1915இல் நிக்கோலஸ் படைத் தலைமையை ஏற்றுப் போர்முனைக்குச் சென்றபின், அமைச்சர் நியமனங்கள்வரை ரஸ்புடினின் செல்வாக்கு நீண்டது. மக்கள் அரச குடும்பத்தின்மீது வைத்திருந்த மதிப்பு சரிந்தது.

உறவின் எல்லை

1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கிடமிருந்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளைப் பறித்தபோது விக்டோரியாவின் குடும்பமே இரண்டுபட்டது. மகள் பிரஷ்யாவின் மருமகள். மகனின் மனைவியான மற்றொரு அலெக்சாண்ட்ரா டென்மார்க் மன்னர் கிறிஸ்டியனின் மகள். 1905இல் பியோர்க்கோவில் வில்ஹெல்மும் நிக்கோலஸும் தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பிரான்சுடனான கூட்டணிக்கு முரணானது என்று ரஷ்ய அமைச்சர்கள் எதிர்த்ததால் செயலற்றுப்போயிற்று.

1913 மே மாதம் வில்ஹெல்மின் மகள் திருமணத்துக்குப் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் நிக்கோலஸும் பெர்லின் வந்தனர். ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை மகன், நிக்கோலஸ் சித்தி மகன். மறு ஆண்டு ஜூலை இறுதியில், போர் நெருங்கியபோது, வில்ஹெல்மும் நிக்கோலஸும் செல்லப்பெயர்களில் தந்திகள் அனுப்பிக்கொண்டனர். ஆனால் படைதிரட்டல் அட்டவணைகளும் கூட்டணி ஒப்பந்தங்களும் முந்திக்கொண்டன. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது.

முடிவு

1917 புரட்சியில் முடிதுறந்த நிக்கோலஸுக்குப் பிரிட்டன் முதலில் அடைக்கலம் தர முன்வந்தது. சொந்த நாட்டில் எதிர்ப்பு எழுமென அஞ்சிய ஜார்ஜ் அதைக் கைவிடும்படி அரசை வற்புறுத்தினார். அதே ஆண்டு தன் குலத்தின் ஜெர்மானியப் பெயரை விண்ட்சர் என்று மாற்றினார். 1918 ஜூலை 17 அன்று நிக்கோலஸின் குடும்பம் முழுவதும் யெகாதெரின்பர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டது. நவம்பரில் வில்ஹெல்ம் நெதர்லாந்துக்குத் தப்பினார். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசும் அதே மாதம் முடிந்தது.

மதிப்பீடு

ஜார்ஜ் வில்ஹெல்மையும் நிக்கோலஸையும்விட அறிவாற்றல் மிக்கவர் அல்லர். கடற்படையில் வளர்ந்த அவருக்கு, அமைச்சர்களின் யோசனைப்படி நடப்பதே அரசரின் கடமை என்று கற்பிக்கப்பட்டது. அதை மீறும் அதிகாரமும் அவரிடம் இல்லை. வளர்ப்பின் கோளாறு எந்தக் குடும்பத்திலும் நேரலாம். தட்டிக்கேட்க எவருமில்லாத அதிகாரம் அத்தகைய ஒருவரிடம் சேரும்போது, அதன் விலையைக் கோடிக்கணக்கான மக்கள் கொடுக்க நேர்கிறது. பிரிட்டன், நார்வே, சுவீடன், டென்மார்க், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அரச குடும்பங்கள் இன்றும் விக்டோரியாவின் வழியினரே. அவர்கள் நிலைத்திருப்பது ஆளும் பொறுப்பை மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் விட்டுவிட்டதால்தான்.